மூணு புளியங்கொட்டையும் ‘மூன்று’ என்ற சொல்லும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் குழந்தை இருப்பவர்கள் மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் சமயத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “சார், பாப்பாவுக்கு நாலு வயசு ஆகப்போகுது. நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றா. ஆனா நோட்டுல ஐம்பது வரைக்கும் எழுதிட்டு வரச் சொல்றாங்க. நம்பர் நேம் வேற எழுதணுமாம். பென்சிலைப் பார்த்தாலே அழறா. என்ன பண்றது?”

பாப்பாவிடம் குறை ஒன்றும் இல்லை. எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு வேலை. பொருள்களை எண்ணுவது இன்னொரு வேலை. எண் குறியை எழுதுவது மூன்றாவது. எண்ணின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவது நான்காவது. நான்கும் வேறு வேறு திறமைகள். ஒரே வயதில் வருவதில்லை. இந்த நான்கையும் பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்பது புதிய கேள்வியும் இல்லை. நம் திண்ணைப் பள்ளியிலிருந்து இன்றைய அங்கன்வாடி வரை இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொன்னால் பாப்பா ஏன் அழுகிறாள் என்பதும் விளங்கிவிடும்.

*முதலில் ஒரு சின்னச் சோதனை*

இருபது வரை தப்பில்லாமல் சொல்லும் மூன்றரை வயதுக் குழந்தையின் முன் பத்துப் பன்னிரண்டு புளியங்கொட்டைகளைப் போடுங்கள். “எனக்கு மூணு கொடு” என்று கேளுங்கள். பல குழந்தைகள் ஒரு பிடி அள்ளிக் கொடுப்பார்கள். “எண்ணிப் பாரு, மூணு இருக்கா?” என்றால் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று எண்ணிவிட்டு, அதையே திரும்பவும் உங்கள் கையில் வைப்பார்கள்.

கேரன் வின் என்ற உளவியல் ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாதிரிச் சோதனையை வைத்துத்தான் செய்யப்பட்டது. எண் வரிசையை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தைகளுக்கும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது தெரிந்திருப்பதில்லை. முதலில் ‘ஒண்ணு’ என்றால் என்ன என்று பிடிபடும். சில மாதங்கள் கழித்து ‘ரெண்டு’. பிறகு ‘மூணு’. அதற்குப் பிறகு ஒருநாள் எல்லா எண்ணுக்கும் ஒரே விதிதான் என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. இந்தப் பயணத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும்.

அதற்கு முன்பே, 1978இல், கெல்மன், காலிஸ்டல் என்ற இருவர் எண்ணுதலுக்குள் ஐந்து விதிகள் ஒளிந்திருப்பதாக எழுதினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சொல். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசிச் சொல்லே மொத்தம். எந்தப் பொருளையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றே. நமக்கு இதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியாது. குழந்தைக்கு ஒவ்வொன்றும் தனிக் கண்டுபிடிப்பு.

சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1941இல் எழுதிய நூலில் இன்னொன்றைக் காட்டினார். இரண்டு வரிசையில் சமமாகப் பொருள்களை வைத்துவிட்டு, ஒரு வரிசையை மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பரப்பினால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் “இதுலதான் நிறைய இருக்கு” என்பார்கள். வாய் ஏழு என்று எண்ணியிருக்கும். கண் வேறு சொல்லும். குழந்தை கண்ணைத்தான் நம்பும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய காலத்துக்குப் போவோம்.

*திண்ணையில் என்ன நடந்தது?*

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்து எழுதியபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை நாம் திண்ணைப் பள்ளி என்று சொல்பவைதான். ஓர் ஆசிரியர், ஒரு திண்ணை அல்லது மரத்தடி, சில பிள்ளைகள். அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் திண்ணை எட்டவே இல்லை. பிரம்படியும் கோதண்டமும் சாதாரணம். ஆகவே அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே எண் கற்பித்த முறையில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலாவது, வயது. அப்போது மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், இந்துப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வயதில், ஐந்தாம் மாதம், ஐந்தாம் நாளில் கல்வி தொடங்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மூன்று வயதில் யாரும் எழுத வைக்கவில்லை.

இரண்டாவது, மணல். தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதுதான் முதல் எழுத்து. எழுத்தாணியும் ஓலையும் பிறகுதான். மணலில் பிழை நிற்காது; கையால் தடவினால் போயிற்று. விரலும் முழங்கையும் தோளும் சேர்ந்து அசையும். சின்னக் கைக்கு ஏற்ற எழுத்துப் பலகை அது.

மூன்றாவதுதான் முக்கியம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்த சுவடிகள் இருந்தன. எண்சுவடியில் முழு எண் மட்டும் இல்லை. கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று.

இன்றைக்கு ஐந்தாம் வகுப்பிலேயே பின்னம் என்றால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? மா என்பது எண் மட்டும் இல்லை, நிலமும்தான். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. நெல்லிலக்கத்தில் வரும் உழக்கும் உரியும் நாழியும் வீட்டு அடுப்படியில் இருந்த பாத்திரங்கள். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று ஒப்பிக்கும் பிள்ளை, அம்மா உழக்கில் அரிசி அளப்பதைத் தினமும் பார்த்த பிள்ளை. கத்தி ஒப்பித்தது மனப்பாடம்தான். ஆனால் ஒப்பித்த சொல்லுக்குப் பின்னால் கையில் தொட்ட பொருள் ஒன்று இருந்தது.

ஐந்து வயதுக்கு முன் எண்ணப் பழகிய இடம் வீடு. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி. கையில் அள்ளிய முத்துகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு குழியை விட்டுவிட்டாலோ இரண்டு முத்து போட்டுவிட்டாலோ எதிரில் இருக்கும் அக்கா கையைப் பிடித்துவிடுவாள். கெல்மன், காலிஸ்டல் சொன்ன முதல் விதி இதுதானே! அஞ்சாங்கல்லும் தாயமும் இதே வேலையைத்தான் செய்தன.

களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ‘ஒண்ணு’ என்று தொடங்க மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். பிறகு ரெண்டு, மூணு. பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தைக்கு அங்கே ஒரு பெரிய பாடம் கிடைத்தது. பெயர் எதுவானாலும் முதல் மரக்கால் முதல் மரக்கால்தான். வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

*பேசுகிறபடியே எழுதிய எண்*

பழைய தமிழ் எண்களை ஆண்டு மலர்களிலோ கல்வெட்டிலோ பார்த்திருப்பீர்கள். ௧, ௨, ௩ என்று ஒன்பது வரை குறிகள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். பழைய முறையில் பன்னிரண்டை எழுத ௰௨ என்று போடுவார்கள். இருபத்தைந்துக்கு ௨௰௫. அதாவது இரண்டு, பத்து, ஐந்து.

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரு-பத்து-ஐந்து. வாய் சொல்கிற வரிசையிலேயே கை எழுதுகிறது. பின்னால் அச்சுப் பாடநூல்கள் வந்து, சுழியமும் இடமதிப்பும் சேர்ந்த இன்றைய முறை நிலைத்தது. கணக்குப் போட அதுதான் வசதி, சந்தேகமில்லை. ஆனால் ஒரு சின்னக் குழந்தைக்கு 25இல் இருக்கும் 2 என்பது இரண்டு இல்லை, இரண்டு பத்து என்று புரிய வைப்பது லேசான வேலை இல்லை. பழைய எழுத்தில் அந்தப் பத்து கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அது இடத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டு இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தவே கூடாது என்கிறேன்.

*எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மணல்*

ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்ற ஆண் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை நிறுத்தி, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது.

ஊர் திரும்பிய பெல் 1797இல் லண்டனில் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் திறந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

பெருமைதான். ஆனால் என்ன போயிற்று, என்ன போகவில்லை என்று பாருங்கள். மணல் போயிற்று. சட்டாம்பிள்ளை போனான். குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்து, ஒருவன் சொல்ல மற்றவர்கள் எழுதும் ஏற்பாடு கிடைத்தது. நாழியும் உழக்கும் போகவில்லை. போயிருக்கவும் முடியாது, அவை இந்த ஊர் அடுப்படியில் இருந்தவை. நம் ஊரிலும் சிலேட்டும் அச்சுப் புத்தகமும் வந்து, பிறகு மெட்ரிக் அளவுகளும் வந்தபோது, பழைய அளவைச் சொற்கள் பாடத்திலிருந்து விலகின. விலக வேண்டியவைதான். ஆனால் மனப்பாடம் மட்டும் விலகாமல் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் இருந்த பொருள் போய், ஒப்பித்தல் மட்டும் மிச்சம். இன்று வரை நம் மழலை வகுப்புகளைப் பிடித்திருக்கும் நோய் இதுதான் என்பது என் எண்ணம்.

*பொருளைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள்*

ஐரோப்பாவிலும் இதே வெறும் ஒப்பித்தலோடு சிலர் மல்லுக்கு நின்றார்கள். சுவிட்சர்லாந்தின் பெஸ்டலாட்சி, பொருளைப் பார்த்துத் தொட்டுப் பழகிய பிறகே சொல்லும் குறியும் வரவேண்டும் என்றார். அவரிடம் போய்ப் பழகிய ஜெர்மானியர் ஃப்ரோபெல் 1837இல் சிறு பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் வைத்தார். பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள். நாம் கே.ஜி. என்று சொல்லும் இரண்டு எழுத்து அதுதான். அவர் பிள்ளைகளின் கையில் கொடுத்தவற்றில் ஒன்று, எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரியும் ஒரு மரக்கட்டை. பிரித்தால் எட்டு, சேர்த்தால் ஒன்று, பாதியாக்கினால் நான்கு. தோட்டம் என்று பெயர் வைத்த வகுப்பில் நாம் ஐம்பது வரை எழுதச் சொல்கிறோம்.

அடுத்தவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். நம் கதைக்குள் அவர் நேரடியாகவே வருகிறார். பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939 நவம்பரில், 69 வயதில், சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதப் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் அவருடைய மகன் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. அவருடைய 70ஆவது பிறந்தநாளை ஒட்டித்தான் விட்டது. போர் முடியும்வரை இருவரும் இந்தியாவிலேயே இருந்தார்கள். கொடைக்கானலிலும் இரண்டு ஆண்டுகள் போல இருந்து பிள்ளைகளோடு பணி செய்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள்.

எண்ணுக்கு அவர் வைத்த வரிசையைப் பாருங்கள். முதலில் பத்து மரக்கோல்கள். சின்னது 10 சென்டிமீட்டர், பெரியது ஒரு மீட்டர். சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்டிருக்கும். குழந்தை கோலைத் தூக்கும்போதே ‘எட்டு’ என்பது ‘மூன்றை’விடப் பெரியது என்று தோள் சொல்லிவிடும். அடுத்து, சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எண் குறிகள். அதன்மேல் விரலை ஓட்ட வேண்டும். பென்சில் கிடையாது. பிறகு கோலையும் குறியையும் சேர்த்து வைப்பது. அப்புறம் ஒரு பெட்டி. 0 முதல் 9 வரை எழுதிய அறைகள், 45 கதிர்கோல்கள். ஒவ்வோர் அறையிலும் அந்தந்த எண்ணிக்கை. 0 என்ற அறை காலியாகவே நிற்கும். சுழியம் என்றால் என்ன என்று வாயால் விளக்க வேண்டிய தேவையே இல்லை.

சொரசொரப்பான தாளில் விரல் ஓட்டும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திண்ணை மணல் நினைவுக்கு வரும். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல முடியாது. குழந்தையின் விரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான், அவ்வளவே.

மாண்டிசோரி சாமான்கள் விலை அதிகம். ஏழைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் தாராபாய் மோடக். 1945இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் வேலை தொடங்கினார். பிறகு கோஸ்பாடில் வார்லி பழங்குடிப் பிள்ளைகளிடையே. பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். முற்றத்துக்கு அங்கே ‘அங்கன்’ என்று பெயர். அங்கன்வாடி என்ற சொல் அந்த வழியில் வந்தது. அவரும் அனுதாய் வாக்கும் விதை, கூழாங்கல், இலை, சிப்பி என்று கையில் கிடைத்ததை வைத்தே பாடம் நடத்தினார்கள்.

1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் இருக்கும் அங்கன்வாடி அதன் பிள்ளை. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் மையத்துக்கு அழைத்து வந்தது. எண்ணிப் பழக அங்கே ஒரு நல்ல வேளை இருக்கிறது. தட்டு வைக்கும் நேரம். “இன்னைக்கு எத்தனை பேர் வந்திருக்கீங்க? ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து வை” என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் போதும். தட்டு ஒன்று குறைந்தால் ஒரு பிள்ளை கையை விரித்துக்கொண்டு நிற்கும். எண் தப்பினால் என்ன ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

*‘மூணு’ எப்படி ‘மூன்று’ ஆகிறது?*

இப்போது கடைசி வேலைக்கு வருவோம். எண்ணின் பெயரை எழுதுவது.

நம் குழந்தை வீட்டில் சொல்வது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. புத்தகத்தில் இருப்பது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. முதல் ஐந்துமே மாறுகின்றன. ஆறு, ஏழு, எட்டு, பத்து அப்படியே நிற்கும். ‘ஒம்போது’ மட்டும் ‘ஒன்பது’ ஆகும். ஆகவே ‘மூன்று’ என்று எழுதச் சொல்வது கேட்ட சொல்லை எழுதுவது ஆகாது. புதிதாக ஓர் எழுத்துத் தமிழ்ச் சொல்லைக் கற்பது. அதிலும் ன்று, ண்டு, ந்து என்று மெய் வந்து நிற்கிறது. மெய்யெழுத்துக்கே வராத குழந்தையிடம் இதைக் கேட்பது நியாயமா?

அதே சமயம் தமிழ் எண் பெயருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதினேழு என்றால் பத்தும் ஏழும். சொல்லே கணக்கைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து வெளியே தெரியாது. செவன்டீனில் ஏழு முதலில் வரும், எழுதும்போது 1 முதலில் வரவேண்டும். அதனால் ஆங்கில வழிக் குழந்தைகள் சிலர் 71 என்று எழுதிவிடுவார்கள். உடனே கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். கேட்ட வரிசையில்தான் எழுதியிருக்கிறார்கள். தேர்ட்டீனும் தேர்ட்டியும் குழம்புவதும் இப்படித்தான்.

தமிழிலும் ஓர் இடத்தில் கல் தடுக்கும். இருபது, முப்பது, எண்பது என்று வந்துவிட்டு, அடுத்தது தொண்ணூறு. அதற்குள் நூறு ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்துத் தொள்ளாயிரம். அதற்குள் ஆயிரம் ஒலிக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து ‘ஒன்பதுபது’ என்று சொன்ன பிள்ளைகளைப் பணிக்காலத்தில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு விதி பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். தட்டிக்கொடுத்துவிட்டுச் சரியான சொல்லைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசும் குழந்தை, பொருளைத் தமிழில் எண்ணி உறுதியான பிறகு ஆங்கிலப் பெயரைக் கற்றால், பெயர் மட்டும்தான் புதிது. எண்ணமும் புதிது, பெயரும் புதிது, எழுத்தும் புதிது என்று மூன்றையும் ஒன்றாகத் தலையில் ஏற்றினால்தான் அழுகை.

கையையும் கொஞ்சம் நினையுங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. மூன்று நான்கு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையைப் பென்சில் பிடித்து ஒரு பக்கம் நிரப்பச் சொல்கிறோம்.

*யாரும் சொல்லாத விஷயம் இல்லை இது*

1989இல் மாநிலங்களவையில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் புத்தக மூட்டையில் நசுங்கும் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அந்த அக்கறையின் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் ‘சுமையற்ற கற்றல்’ என்ற அறிக்கையைக் கொடுத்தது. மழலைப் பள்ளிகளை ஒழுங்குபடுத்த வேண்டும், அங்கே சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று அது அப்போதே சொன்னது. நம் மாநிலத்தில் 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. மணியும் குச்சியும் அட்டையும் பாயில் இறங்கின. கொரோனா காலத்தில் விழுந்த கற்றல் இடைவெளியை அடைக்க 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்குள், எட்டு வயதுக்குள், அடிப்படை எண்ணறிவும் எழுத்தறிவும் வந்துவிட வேண்டும் என்பது அதன் இலக்கு.

கவனியுங்கள். அரசு வைத்த இலக்கே எட்டு வயது. நாம் நான்கு வயதில் அவசரப்படுகிறோம். எழுதிய நோட்டைக் காட்டினால் பெற்றோருக்குத் திருப்தி. புளியங்கொட்டையை எண்ணியதைக் காட்ட நோட்டு இல்லை. பல நர்சரிப் பள்ளிகளில் நடப்பது இவ்வளவுதான். ஆசிரியைகளையும் குறை சொல்ல மாட்டேன். நோட்டு காலியாக இருந்தால் கேள்வி கேட்பவர்கள் நாம்தான்.

*வீட்டில் செய்யக்கூடியது*

1. முதலில் ஐந்துக்குள் நில்லுங்கள். “ரெண்டு வெங்காயம் எடுத்துட்டு வா”, “ஆளுக்கு ஒரு டம்ளர் வை” என்று வேலை சொல்லுங்கள். ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம்.

2. தொட்டுத் தொட்டு, நகர்த்தி நகர்த்தி எண்ணட்டும். எண்ணி முடித்ததும் “அப்ப மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினால், கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பொறுங்கள்.

3. வரிசையைப் பரப்பியும் குவித்தும் அதே கேள்வியைக் கேளுங்கள். விடை மாறாமல் வரும் நாள் நல்ல நாள்.

4. குறியை மணலிலோ தட்டில் பரப்பிய ரவையிலோ விரலால் எழுதட்டும். மூன்று கொட்டைக்குப் பக்கத்தில் 3. காலித் தட்டுக்குப் பக்கத்தில் 0.

5. பத்துக்கு மேல் போகும்போது பத்துக் குச்சியை ரப்பர் போட்டுக் கட்டுங்கள். ஒரு கட்டும் ஏழு குச்சியும் பதினேழு.

6. எண் பெயரை முதலில் படிக்கட்டும். ‘மூன்று’ என்று எழுதிய அட்டையை மூன்று கொட்டைக்குப் பக்கத்தில் வைக்கத் தெரிந்தால் போதும். எழுதுவது ஒன்றாம் வகுப்பில், எழுத்தும் மெய்யும் கைவந்த பிறகு.

நண்பர்களே, பல்லாங்குழிக்கு முத்து வேண்டும் என்று கடைகடையாக அலையாதீர்கள். புளி வாங்கும்போது கொட்டையோடு வாங்குங்கள், போதும். நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு உங்கள் ஊரில் ‘லாபம்’ என்பார்களா, வேறு ஏதாவது சொல்வார்களா? பூவும் வெற்றிலையும் வாழைப்பழமும் எண்ண உங்கள் பக்கத்தில் என்ன சொல் வழங்குகிறது? கீழே எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். தொகுத்து இன்னொரு பதிவாகப் போடுகிறேன்.